குரவைக்காரியின் வாய்

ஆரையம்பதிச் சந்தையில் மீன் வெட்டித் தருகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தாலும், நல்ல கொடுவா மீனாக வாங்கி வருகிறவர்கள் நேரே போவது றஞ்சிதாவின் பலகைக்குத்தான். அவள் கைப்பட்ட மீனில் செதிள் தங்காது, கசக்கிற பித்து உடையாது, தலை வேறு நடுத்துண்டு வேறு என்று பிரிந்து பையில் விழும். வெட்டிக்கொண்டே ஊர்க்கதை கேட்பாள். ஆனால் பதில் அதிகம் சொல்ல மாட்டாள். வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும்.

அந்த வெற்றிலையை அவள் கையால் எடுத்துப் போட்டுக்கொண்டது கிடையாது. மீன்பட்ட கையால் வெற்றிலையைத் தொட்டால் அதற்குப் பிறகு அதை வாயில் வைக்க முடியுமா? பக்கத்தில் சாக்கு விரித்து வெற்றிலை விற்கிற காத்தான்குடி ஹவ்வா உம்மாதான் பாக்குச் சீவி, சுண்ணாம்பு தடவி, நுனியளவு புகையிலை வைத்து மடித்து, "வாயத் திற புள்ள" என்பார். றஞ்சிதா கத்தியைக் கீழே வைக்காமலே கழுத்தை மட்டும் நீட்டி வாயைத் திறப்பாள். ஹவ்வா உம்மாவின் மூன்று விரல்களும் உள்ளே போய், இடது கடைவாயில் வெற்றிலையை வைத்துவிட்டு வரும். பெற்ற தாய்கூட இப்படி ஊட்டியிருக்க மாட்டாள் என்று சந்தையில் பகிடி பண்ணுவார்கள்.

மகள் பிரஷாந்தி வயிற்றில் இருந்தபோது தொடங்கிய பழக்கம் அது. அந்த மாதங்களில் மீன் வெடுக்கு மூக்கில் ஏறினாலே வாந்தி வந்தது. வேலையை விடவும் முடியாது. அவள் புருஷன் கனகசூரியம் வாவியில் வலை வீசுகிறவர். வாவி தருகிற நாளில் தரும், தராத நாளில் வலையைக் காயப்போட்டுவிட்டுப் படுத்திருப்பார். "ஒரு வாய் வெத்தில போடு, வெடுக்குத் தெரியாது" என்று ஹவ்வா உம்மாதான் சொன்னார். தெரியவில்லைதான். பிள்ளை பிறந்து, பள்ளிக்கூடம் போய், வந்தாறுமூலைக் கெம்பசில் படித்துப் பட்டம் வாங்கி, பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகக் கதிரை போட்டு உட்கார்ந்தும் விட்டது. வெற்றிலை மட்டும் வாயை விட்டு இறங்கவில்லை.

றஞ்சிதாவுக்கு இன்னொரு பெயரும் உண்டு. குரவைக்காரி. கலியாணமோ, பிள்ளை பெரியவளானதோ, அம்மன் சடங்கோ, எங்கே குரவை போட வேண்டுமென்றாலும் அவள் தொடங்கித்தான் மற்றப் பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். நாக்கை அவள் எப்படித்தான் சுழற்றுவாளோ, மூச்சு எங்கிருந்துதான் வருமோ, ஒரு தடவை எடுத்தால் மேளக்காரனே கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பான். ஒரு மாலை நடுவாவியில் தோணியில் நின்ற கனகசூரியம், கரையில் எங்கோ கலியாண வீட்டில் எழுந்த குரவையைக் கேட்டு, கூட நின்றவனிடம், "இது என்ட மனிசி" என்றாராம். ஊரில் தலைநிமிர்ந்து நடக்க அவளுக்கு இருந்தது இரண்டு காரணங்கள்தான். ஒன்று பட்டம் பெற்ற மகள். மற்றது இந்தக் குரவை.

வாய் கெட்டுப்போனது ஒரே நாளில் நடந்ததல்ல. முதலில் பல்லைப் பிடித்திருக்கிற முரசு இறங்கியது. முன்பல் இரண்டு ஆடி, ஒன்று கடித்த தோடம்பழச் சுளையோடும் மற்றது சும்மா கதைத்துக்கொண்டிருக்கும்போதும் வந்துவிட்டன. கீழ்க் கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பட்டமளிப்பு விழாப் படத்தில் கறுத்த அங்கியோடு பிரஷாந்தி பல் தெரியச் சிரிக்கிறாள். பக்கத்தில் றஞ்சிதா உதட்டை உள்ளே மடித்து, யாரோடோ கோபித்துக்கொண்டவள் மாதிரி நிற்கிறாள். "அம்மா, கொஞ்சம் சிரிங்களன்" என்று மகள் அன்று எத்தனையோ தரம் கெஞ்சினாள். சிரித்தால் படம் முழுக்க அந்தச் சிவந்த ஓட்டைதான் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். கொரோனாக் காலத்தில் எல்லோரும் முகக்கவசம் போட்டபோது சந்தோசப்பட்ட ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். ஊர் கழற்றிய பிறகும் அவள் பஸ்ஸில் ஏறினால் போட்டுக்கொள்வாள். "தூசி ஒத்துவராது" என்பாள். நாள் முழுக்க மீன் குடலுக்கு நடுவில் இருக்கிறவளுக்குத் தூசி ஒத்துவராதாம்.

பிறகு காதுக்குள் குத்தத் தொடங்கியது. காதுதான் என்று நினைத்துக் கனகசூரியம் உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெயை வெதுவெதுப்பாக ஊற்றினார். எண்ணெய் வழிந்ததே தவிர வலி போகவில்லை. கொட்டாவி விட்டால் இடது தாடை டக்கென்று சத்தம் போட்டது. வலித்த பக்கத்தில் கொஞ்சம் புகையிலையைக் கூட்டி வைத்தால் மரத்துப்போய் இதமாக இருக்கும். அதனால் வலி கூடக் கூட வெற்றிலையும் கூடியது.

போன வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலில் அம்மனின் கலியாணத்துக்குப் பந்தல் மரமாகக் கலியாணக்கால் நடுகிற நாள் அது. வழக்கம்போல் வாயைத் துப்பரவாகக் கொப்பளித்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு பெண்களுக்கு முன்னால் போய் நின்றாள். கலியாணக்கால் குழிக்குள் இறங்கியதும் எல்லோருடைய கண்ணும் அவள் பக்கம் திரும்பியது. வாயைத் திறந்தாள். பாதியில் தாடை மாட்டிக்கொண்டது. கதவுக் கீலில் கல் இறுகினால் எப்படி மேலுமில்லாமல் கீழுமில்லாமல் நிற்குமோ அப்படி நின்றது. நாக்குச் சுழலவில்லை. பல் இல்லாத இடத்தால் காற்று மட்டும் ஆணி ஏறிய சைக்கிள் ரியூப்பைப் போலச் சீறிக்கொண்டு போனது.

பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அயல்வீட்டு நிருஷா. சிரித்த கையோடு அவளே குரவையை எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அம்மனுக்குக் குறையில்லாமல் காரியம் முடிந்தது.

"என்ன கா நடந்த?" என்று பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். வலி கண்ணில் நீராக நின்றது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்துத்தான் சித்தாண்டியிலிருந்து பிரஷாந்திக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்துகொண்டிருந்தது. தாய்க்கு வாயில் வியாதி என்று ஒரு சொல் போனால், அது அங்கே போய்ச் சேரும்போது என்ன வியாதியாக மாறியிருக்குமோ? முகக்கவசத்துக்குள் இத்தனை காலம் மூடி வைத்ததை ஊரின் நடுவில் திறக்கவும் மனம் வரவில்லை.

"வாய்க்குள்ள வெத்தில கிடந்திட்டு. துப்ப மறந்திட்டன்" என்றாள்.

"அம்மன்ட வாசல்லயா?" என்று யாரோ வாயில் கைவைத்தார்கள்.

மறதி என்றால் ஊர் மன்னித்துவிடும் என்றுதான் நினைத்தாள். ஊர் மன்னிக்கவில்லை. அடுத்த நாளே சந்தையில் ஒருத்தி மீனைப் பலகையில் வைத்துவிட்டு, "வெத்திலையோட குரவை போட்டா எப்படிக்கா ருசி?" என்று கேட்டாள். றஞ்சிதா தலையை நிமிர்த்தவில்லை. அந்த மீனின் பித்து உடைந்தது.

ஹவ்வா உம்மா மட்டும் அந்தக் கதையை நம்பவில்லை. "சடங்குக்குப் போற நாளில விடியத் தொட்டே நீ என்னட்ட வெத்தில வாங்குறதில்லயே" என்றார். பிறகு, "எங்க, வாயத் திற" என்று வெறும் விரல்களை நீட்டினார். மூன்று விரல் போன வாயில் இரண்டு விரல் இறுக்கமாகத்தான் போனது. கன்னத்தின் உட்புறம் காய்ந்த தோல் மாதிரி விறைத்திருந்தது. ஹவ்வா உம்மா விரலை வெளியே எடுத்து, முந்தானையில் துடைத்தார்.

"நான்தான்டி ஊட்டினனான்" என்றார்.

"சும்மா இரிங்க உம்மா. நான் திறந்தன், நீங்க வெச்சீங்க."

"இனி என்ட கையால ஒரு பாக்குச் சீவல் கிடைக்காது ஒனக்கு. நாளைக்கு நானும் வாறன், ஆசுபத்திரிக்குப் போவம்."

புருஷனிடம் பிளவுஸ் துணி எடுக்க டவுனுக்குப் போவதாகச் சொன்னாள். போவதற்கு முன் கிணற்றடியில் குந்திக்கொண்டு உமிக்கரியும் சுண்ணாம்பும் கலந்து பல்லைத் தேய்த்தாள். கறை இளகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். கண்ணாடியில் பார்த்தபோது பல் அப்படியே இருந்தது. முரசுதான் வெந்து தொங்கியது. வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் முற்றம் கூட்டுகிற மாதிரி, டொக்டர் பார்க்கப்போகிற வாயை அவள் கூட்டித் துப்பரவாக்கப் பார்த்தாள். அவ்வளவுதான்.

இருவரும் பஸ்ஸில் கல்லடிப் பாலம் கடந்து போனார்கள். பல் கிளினிக்கில் கூட்டம் நிறைய இருந்தது. இவள் முறை வந்து சாய்கதிரையில் படுத்தபோது, முகக்கவசத்தைக் கழற்றக் கை வரவில்லை.

"கழட்டுங்க அம்மா, நானும் ஒவ்வொரு நாளும் வாயத்தானே பாக்கன்" என்றார் டொக்டர் பஸ்லான். ஏறாவூர்க்காரர், சின்ன வயசு. வாயைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார். "முரசெல்லாம் வெந்து கிடக்கு. ஆர் இந்த வேல பாத்த?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஹவ்வா உம்மாதான் பக்கத்திலிருந்து, "வெக்கத்துக்குத் தேச்சிருக்கா டொக்டர்" என்றார்.

டொக்டர் சிரிக்கவில்லை. அது ஒரு ஆறுதல். ஆனால் வேலை பழகுகிற டொக்டர் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, "இதக் கொஞ்சம் பாருங்க" என்றார். அவர்கள் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். பிரஷாந்தியின் வயசுதான் இருக்கும். வெள்ளைக் கோட்டில் சோப்பு மணந்தது. தன் வாயிலிருந்து என்ன மணம் அவர்களுக்குப் போகிறதோ என்று நினைத்து மூச்சை உள்ளுக்குள்ளேயே பிடித்து வைத்திருந்தாள் றஞ்சிதா. மூச்சு முட்டி இருமல் வந்தது. இருமியதில் தாடை டக்கென்றது.

"கேட்டீங்களா சத்தம்?" என்றார் டொக்டர் அந்தப் பிள்ளைகளிடம். பிறகு கதிரையை நிமிர்த்தி, அவளுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். "அம்மா, ஒங்களுக்கு ரெண்டு கரச்சல். ஒண்டு, காதுக்கு முன்னால இருக்கிற தாடை மூட்டு. கடைவாய்ப் பல்லுப் போயும் நீங்க அந்தப் பக்கத்தாலயே வருசக்கணக்கா அரைச்சிருக்கீங்க. தாங்கப் பல்லில்லாம பாரமெல்லாம் மூட்டுலதான் விழுந்திருக்கு. அதுதான் காதுக் குத்து. காதில ஒண்டுமில்ல. இதச் சுகமாக்கலாம். சுடுதண்ணித் துணி வைங்க, குழைஞ்ச சோறு சாப்பிடுங்க, மறுகா பல்லுக் கட்டுவம். மற்றது கன்னம். பாக்குத்தான் உள்சதைய இறுக்கிப்போட்டு. அது பழையபடி முழுசா வராது. நிப்பாட்டினா இதோட நிக்கும். நிப்பாட்டாட்டி எங்க போய் நிக்குமெண்டு நான் சொல்லத் தேவையில்ல."

"புற்றா டொக்டர்?" என்று ஹவ்வா உம்மா நேரே கேட்டுவிட்டார்.

"இப்ப அப்படித் தெரியல்ல. சின்னச் சதைத் துண்டொண்டு எடுத்துப் பாப்பம். ஆனா ஒவ்வொரு முறையும் வந்து காட்டணும்."

றஞ்சிதா ஒன்றுதான் கேட்டாள். "குரவை போடலாமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வாய் திறந்தாப் போடலாம். திறக்கிறதுக்கு வேல செய்யணும்." ஐஸ்பழக் குச்சி மாதிரித் தட்டையான குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பல்லுக்கிடையில் வைத்துப் பிடித்துக் காட்டினார். முடிந்த அளவு வைத்துப் பழக வேண்டும், பழகப் பழக ஒரு குச்சியைக் கூட்ட வேண்டும், வலிக்கும் ஆனால் விடக்கூடாது.

வெளியே வரும்போது வருகிறவர்களுக்கு நம்பர்த் துண்டு கொடுக்கிற தாதிப்பிள்ளை ஒன்று நிமிர்ந்து பார்த்தது. "அன்ரி, நீங்க பிரஷாந்திர அம்மாதானே? நானும் கெம்பசுக்கு வந்தனான், எங்கட அக்காட பட்டமளிப்புக்கு."

றஞ்சிதா முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டாள். "இல்ல. அது வேற ஆள்."

பிள்ளையின் கையில் இருந்த கிளினிக் அட்டையில் பெயரும் ஊரும் இருந்தன. பிள்ளை அதைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது. "சொறி அன்ரி" என்று அட்டையை நீட்டியது. வீடு வந்து சேரும்வரை அந்தச் 'சொறி' அவள் நெஞ்சில் மீன்முள் மாதிரிக் குத்திக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளையை இல்லையென்று சொன்ன வாய்க்கு என்ன மருந்து?

வெற்றிலையை விடுவது லேசாக இருக்கவில்லை. தலை இடித்தது, எல்லோர்மேலும் எரிந்து விழுந்தாள், மீன் வெடுக்கு பழையபடி மூக்கில் ஏறியது. ஹவ்வா உம்மா வெற்றிலைச் சாக்கை அந்தப் பக்கம் தள்ளிப் போட்டு, கராம்பும் ஏலமும் ஒரு டப்பாவில் கொண்டு வந்து ஊட்டினார். குச்சிகளை அவள் குசினிக்குள் மறைத்து வைத்திருந்தாள். ஒருநாள் பிரஷாந்தி கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னம்மா இது, ஐஸ்பழம் விக்கப் போறீங்களா?"

மகள் குச்சிக்கட்டை மேசையில் வைத்தாள்.

"எனக்குத் தெரியும். கிளினிக்கில நிக்கிற பிள்ள கோல் எடுத்தவ. நான் ஒங்கட மகள் இல்லயாமே?"

"அது..." என்றாள் றஞ்சிதா. "என்ன இந்தக் கோலத்தில ஒன்ட அம்மா எண்டு சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்திச்சி புள்ள. ஒனக்குத்தான் குறைச்சல்."

"எனக்கென்ன குறைச்சல்? மீன் வெட்டி என்ன படிப்பிச்ச வாய் அது" என்றாள் மகள். கோபமாகவே குச்சிகளை எடுத்துக் கழுவி, "திறங்க" என்றாள். அன்றிலிருந்து அந்த வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். சந்தையில் ஒருத்தியிடமும் வீட்டில் ஒருத்தியிடமும் வாயைத் திறப்பதே றஞ்சிதாவின் பிழைப்பாகப் போயிற்று.

ஆவணியில் சித்தாண்டிக்காரர் வந்தார்கள். மாப்பிள்ளை கேதீசன், அவனுடைய தாய் சின்னத்தங்கம், இன்னும் சில உறவுக்காரர். வயல்காரக் குடும்பம். துலக்கிய பித்தளை வட்டாவில் வெற்றிலையை நுனி வெளியே தெரிய அடுக்கி, பாக்குச் சீவலோடு கொண்டுவந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நீட்டும் வட்டாவில் பெண்ணின் தாய் வெற்றிலை எடுத்து வாயில் போட்டால் சம்மதம். எடுக்காமல் விட்டால் வந்தவர்கள் சோற்றில் கை வைக்காமல் எழும்பிவிடுவார்கள்.

சின்னத்தங்கம் வட்டாவைத் தூக்கி றஞ்சிதாவின் முன்னால் வைத்தார். றஞ்சிதா ஒரு வெற்றிலையும் ஒரு சீவலும் எடுத்தாள். மடித்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு, மெல்ல முந்தானை முடிச்சுக்குள் வைத்தாள். கூட்டத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள்.

"ஏன், எங்கட வெத்தில காறுமா?" என்றார் சின்னத்தங்கம். குரல் சிரித்த மாதிரி இருந்தது, முகம் சிரிக்கவில்லை. "அம்மன்ட கலியாணக்காலுக்கு வாய் நிறைய வெத்திலையோட போனவ எண்டுதான் நாங்க கேள்வி. எங்கட வட்டாவுக்கு மட்டும் வாய் திறக்காதாக்கும்."

கனகசூரியம் நிலத்தைப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்து அந்த வெற்றிலையை வாயில் போட்டு அரைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று றஞ்சிதாவுக்குத் தோன்றியது. ஒரே ஒரு வாய். விரல் முடிச்சுக்குப் போனது. எதிரே அறைக் கதவில் பிரஷாந்தி சேலையோடு நின்று தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள்.

"அண்டைக்கு என்ட வாயில வெத்தில இல்ல" என்றாள் றஞ்சிதா. "அது நான் சொன்ன பொய்."

"பொய்யா?"

"வாய் திறக்கல்ல. சுகமில்ல. சொல்ல வெக்கப்பட்டு அப்படிச் சொன்னன். இப்ப மருந்து செய்யிறன். பாக்கு வாயில வைக்கப்படாதெண்டு டொக்டர் சொல்லியிருக்கார்."

சின்னத்தங்கம் நம்பாமல் பார்த்தார். றஞ்சிதா யன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி, வாயைத் திறந்தாள்.

முன்னால் இரண்டு பல் இல்லாத ஓட்டை. கீழே வெறும் முரசு. மிச்சப் பல்லில் கறுத்த கறை. அதற்குமேல் திறக்காமல் நடுங்குகிற தாடை. மருமகனாக வரப்போகிறவன் சட்டென்று வேறு பக்கம் பார்த்தான். பின்னால் ஒரு பெண் முகத்தைச் சுழித்தாள். றஞ்சிதாவுக்குக் காது சுட்டது. சேலை அவிழ்ந்து நிற்பதுபோல இருந்தது. என்றாலும் சின்னத்தங்கம் எழும்பிக் கிட்டே வந்து பார்த்து முடிக்கும்வரை அவள் வாயை மூடவில்லை.

"மூடுங்க" என்றார் சின்னத்தங்கம். "பல்லுப் போறது குத்தமில்ல. ஆருக்குத்தான் போகல்ல. ஆனா அம்மன்ட வாசல்ல நிண்டு அம்மன்ட பேரில பொய் சொல்லியிருக்கீங்க. அது சரியில்ல."

றஞ்சிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

சின்னத்தங்கம் வட்டாவை அவள் முன்னாலிருந்து எடுத்தார். போச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் அதைக் கொண்டுபோய்க் கனகசூரியத்தின் முன்னால் வைத்தார். "நீங்க எடுங்க அண்ணன்." அவர் எடுத்து வாயில் போட்டதும், சின்னத்தங்கம் திரும்பி றஞ்சிதாவைப் பார்த்தார். "எண்டாலும் ஒண்டு. என்ட மகன் இந்த வாசலுக்கு வாற அண்டைக்கு ஒங்கட குரவை எனக்குக் கேக்கணும். ஒங்கட வாய்க்குள்ள என்ன கிடக்கெண்டு அண்டைக்குச் சபை அறியட்டும்."

அந்தக் கிழமையே றஞ்சிதா கோயிலுக்குப் போய், சாமி கும்பிட வந்த பெண்களுக்குக் கேட்கவே நடந்ததைச் சொன்னாள். நிருஷா அங்கே நின்றாள். அன்று சிரித்ததற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.

கலியாணம் தையில். சதைத் துண்டில் மோசமான எதுவும் இல்லை என்று வந்திருந்தது. சுடுதண்ணித் துணியும் குழைந்த சோறும் காதுக் குத்தைத் தணித்தன. குச்சிகள் கூடின. மூன்று விரல் போகவில்லை, இரண்டரை என்று ஹவ்வா உம்மா தீர்ப்புச் சொன்னார். மார்கழியில் டொக்டர் பஸ்லான் கழற்றி மாட்டுகிற பல்லுக் கட்டிக் கொடுத்தார். கண்ணாடியில் பார்த்தால் வேறு ஆளாக இருந்தாள். கனகசூரியம், "ஆர் கா இந்தப் பொம்புள, என்ட வீட்டில?" என்று பகிடி பண்ணினார். அவள் முதல் தடவையாக வாயைப் பொத்தாமல் சிரித்தாள்.

ஆனால் குரவை வரவில்லை. கட்டிய பல்லின் மேல்தட்டு அண்ணத்தை மூடியிருந்தது. நாக்குச் சுழன்றால் தட்டில் இடித்தது. மூச்சு வேகமாகப் போனால் தட்டே கழன்றது. கிணற்றடியில் பழகும்போது ஒருநாள் பல் பறந்து போய்க் கோழிக்கு முன்னால் விழுந்தது. கோழி அதைக் கொத்திப் பார்த்துவிட்டு விலகிப் போயிற்று. "பழகணும் அம்மா, மாசக்கணக்கு ஆகும்" என்றார் டொக்டர். கலியாணத்துக்கு அவ்வளவு மாதம் இருக்கவில்லை.

அன்று பந்தலுக்குள் நிற்க இடமில்லை. மாப்பிள்ளை ஊர்வலம் ஒழுங்கைக்குள் திரும்பியதும் வீடியோக்காரன் ஓடிப்போய் வாசலில் வெளிச்சத்தைப் பிடித்தான். றஞ்சிதா புதுப் பட்டோடும் புதுப் பல்லோடும் முன்னால் நின்றாள். வந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருசம் இல்லாத சிரிப்பு. வீடியோவுக்கும் சிரித்தாள். சின்னத்தங்கம் மகனின் தோளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். அவர் கண் இவள் வாயில் இருந்தது.

கேதீசன் கேற்றடிக்கு வந்தான். பெண்கள் காத்திருந்தார்கள். றஞ்சிதா மூச்சை இழுத்துக் குரவையை எடுத்தாள். நாக்குத் தட்டில் இடித்தது. உள்ளே கடகடவென்று ஒரு சத்தம்தான் வந்தது. தட்டு இறங்கி உதட்டில் நின்றது. அவள் வாயைப் பொத்தினாள். வைகாசியில் கேட்ட அந்தச் சிரிப்பை அவளுடைய காது எதிர்பார்த்தது. திரும்பிப் பார்த்தாள். நிருஷா சிரிக்கவில்லை, கண்ணால் "நான் எடுக்கவா?" என்று கேட்டாள்.

றஞ்சிதா இல்லையென்று தலையசைத்தாள். பிறகு, அத்தனை பேருக்கும் முன்னால், அந்த வெளிச்சத்துக்குள், வாய்க்குள் விரலை விட்டுப் பல்லைக் கழற்றினாள். எச்சில் நூலாக வந்தது. பக்கத்தில் நின்ற ஹவ்வா உம்மா எதுவும் கேட்காமல் உள்ளங்கையை நீட்டினார். அந்தக் கையில் பல்லை வைத்தாள். முகம் எரிந்தது. கன்னம் இழுத்தது. கடைசியாக வைத்துப் பழகிய குச்சியளவுக்கு வாயைத் திறந்தாள்.

குரவை வந்தது. பழைய குரவை அல்ல அது. உயரப் போகவில்லை, நடுவில் உடைந்தது, ஓட்டை வழியே கொஞ்சக் காற்றும் கூடவே போனது. மேளக்காரன் கையை நிறுத்தவில்லை. நடுவாவியில் யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் கேற்றடிக்குக் கேட்டது. நிருஷாவும் மற்றவர்களும் சேர்ந்து தூக்கிக்கொண்டார்கள். கேதீசன் வலது காலை எடுத்து உள்ளே வைத்தான். சின்னத்தங்கம் கடந்து போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பால் தன் கண்ணை மட்டும் ஒற்றிக்கொண்டு போனார்.

றஞ்சிதா உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "குடுங்க உம்மா, கெதியாக் குடுங்க" என்றாள்.

"பொறு, கழுவாமலா? எல்லாம் என்ட கையிலதான் இரிக்கு, எங்க ஓடப்போகுது" என்று ஹவ்வா உம்மா செம்புத் தண்ணீரில் அலசி, ஓர் ஓரமாக அவளைத் திருப்பி நிற்கவைத்தார். "வாயத் திற புள்ள."

இப்போதும் அவள் வெற்றிலை போடுவதில்லை. முறை தவறாமல் கிளினிக் போய்க் கன்னத்தைக் காட்டுகிறாள். தாதிப்பிள்ளை கேட்காமலே, "பிரஷாந்திர அம்மா" என்று றஞ்சிதாவே சொல்லிக்கொண்டு துண்டு எடுக்கிறாள். கலியாண வீடியோவில் அந்த இடத்தை வெட்டிவிடச் சொல்லி மகளிடம் எத்தனையோ தரம் கேட்டுவிட்டாள். பிரஷாந்தி வெட்டவில்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்து வீடியோ போட்டால், மாப்பிள்ளை ஒழுங்கைக்குள் திரும்புகிற இடத்திலேயே றஞ்சிதா எழும்பித் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போய்விடுவாள். கேத்தில் கொதிக்கிற சத்தத்துக்கு மேலாலும் அங்கே குரவை கேட்கும். முடியும்வரை அவள் வெளியே வரமாட்டாள்.